மின்னியை ஏன் நடைபாதைக்கு அழைத்துப் போக வேண்டாம்?

கேள்வி: எனக்கு வயது 26. கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளாக, பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்றை வளர்க்கிறேன். பெண் பாம்பு, நான்கடி நீளம், பெயர் மின்னி. அயல்நாட்டு உயிரினங்களைப் பதிவு செய்யும் அரசு இணையதளமான பரிவேஷில் முறையாகப் பதிவு செய்திருக்கிறேன். நம் ஊரில் பாம்பைக் கண்டாலே கம்பைத் தேடுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க வேண்டும் என்று, மார்கழி பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் காலை ஆறரை மணிக்கு மின்னியைத் தோளில் போட்டுக்கொண்டு ரேஸ் கோர்ஸ் நடைபாதைக்குப் போகிறேன். குழந்தைகள் ஆசையாகத் தொடுகிறார்கள். அவளும் அசையாமல் சாதுவாக இருக்கிறாள். ஆனால் போன வாரம் ஒரு பெரியவர் பயந்து தடுமாறிக் கீழே விழப் பார்த்தார். அவருடைய மகள் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். எங்கள் குடியிருப்புச் சங்கத்திலும் புகார் போயிருக்கிறது. இதற்கிடையே ஒரு பள்ளியில் மின்னியைக் கொண்டுவந்து காட்டும்படி கேட்கிறார்கள். மக்களுக்குப் பாம்பை அறிமுகப்படுத்தும் சரியான முறை எது? இன்னொரு சிறு சந்தேகமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சனி இரவு எலி கொடுப்பேன். ஒருமுறை நடைபாதையிலிருந்து திரும்பியதும் அதைக் கக்கிவிட்டாள். இப்போது ஐந்து வாரமாக எதையும் தொடவில்லை. கவலைப்பட வேண்டுமா?

பதில்: கடிதத்தின் கடைசியில் 'சிறு சந்தேகம்' என்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முதல் செய்தி. மற்றக் கேள்விகளுக்கான விடையில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

பால் பைத்தான்கள் பட்டினி கிடப்பதில் பேர்போனவை. குளிர் மாதங்களில், நல்ல ஆரோக்கியமான பாம்பே மாதக்கணக்கில் எலியை ஏறெடுத்துப் பார்க்காமல் இருக்கும். அதனால் ஐந்து வாரம் என்ற கணக்கு மட்டும் என்னைக் கலங்க வைக்கவில்லை. அதற்கு முன்னால் கக்கினாள் என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. பாம்பின் உடம்பு நம்மைப்போல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் வாங்கிய சூட்டில்தான் அதன் வயிறு வேலை செய்கிறது. கூண்டில் ஒரு பக்கத்தை 31, 32 டிகிரியில் வைத்திருப்பீர்கள். மார்கழி, தை மாதங்களில் கோவையில் விடிகாலை 18, 19 டிகிரிதான் இருக்கும். சனி இரவு விழுங்கிய எலியோடு ஞாயிறு காலை அந்தக் குளிருக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். செரிமானம் நின்றால் எலி வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கிவிடும். அதற்குள் உடம்பு அதை வெளியே தள்ளிவிடுகிறது. நாம் வாந்தி எடுத்துவிட்டு வாய் கொப்பளிப்பதைப்போல அதை நினைத்துவிடாதீர்கள். பாம்புக்கு உணவுக்குழாய் புண்ணாகும், உடம்பின் நீர் வற்றும், வயிறு பழைய நிலைக்கு வரவே இரண்டு வாரம் போல ஆகும்.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது: சமையலறைத் தராசில் அவளை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய எடை தெரிந்தால் ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால், அல்லது வாயில் எச்சில் நுரை, மூச்சில் விசில் போன்ற ஒலி, தலையை அண்ணாந்தபடியே வைத்திருப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் கொண்டு செல்லத் தாமதிக்காதீர்கள். குளிர் பட்ட மலைப்பாம்புகளுக்கு நுரையீரல் தொற்று எளிதில் வருகிறது. எடை குறையவில்லை என்றால், இரண்டு வாரம் தண்ணீர் மாற்றுவதற்கு மட்டும் கூண்டைத் திறங்கள். பிறகு வழக்கமான அளவில் பாதியாக ஓர் எலி கொடுங்கள். இரை எடுத்த பின் 48 மணி நேரமாவது அவளைக் கையில் எடுக்கக் கூடாது. சட்டை உரிப்பதற்கு முன் கண் நீலம் பாரித்திருக்கும் நாட்களிலும் அப்படியே.

இனி அந்த 'சாது' என்ற சொல்லுக்கு வருகிறேன். குளிர்ந்த பாம்பு அசையாது. பயந்த பாம்பும் அசையாது. மின்னி உங்கள் தோளில் குளிர்ந்தும் பயந்தும் இருந்திருக்கிறாள் என்றே நினைக்கிறேன். இந்தப் பாம்பின் பூர்வீகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகள். பகலெல்லாம் எலி வளையிலோ கறையான் புற்றிலோ முடங்கிக் கிடந்துவிட்டு இரவில் வெளியே வரும் பிராணி. மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கின்றன அல்லவா, அவை சூட்டை உணரும் உறுப்புகள். நெருங்கி வரும் ஒவ்வொரு மனிதரும் ஒவ்வொரு நாயும் அவளுக்கு இருட்டிலும் தெரியும் ஒரு பெரிய சூட்டுப் பிழம்பு. காது மடல் இல்லாவிட்டாலும் தரையின் அதிர்வையும் தாழ்ந்த ஒலியையும் தாடை எலும்பு வழியாக உணர்கிறாள். வளைக்குள் ஒடுங்கிப் பகலைக் கழிக்கும் உயிரை, ஒளியத் துளி இடமில்லாத உயரத்தில், நூறு பேர் நடக்கும் பாதையில் வைத்திருக்கிறோம்.

நிம்மதியாக இருக்கும் பைத்தான் மெதுவாக நகரும். நாக்கை நிதானமாக நீட்டி இழுத்து இடத்தைத் துழாவும். கையில் அதன் எடை தளர்ந்து பரவியிருக்கும். பயந்த பைத்தான் முறுக்கிய கயிறுபோல் இறுகியிருக்கும். கழுத்து பின்னுக்கு வளைந்திருக்கும், தொண்டை வேகமாகத் துடிக்கும். சட்டைக் காலருக்குள் தலையை நுழைப்பதைக் கொஞ்சுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது புகுந்துகொள்ள ஒரு வளை தேடுவது. இன்னும் மிரண்டால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதன் பெயரிலுள்ள 'பால்' அந்தப் பந்துதான். (என் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு பாட்டி, பேரனின் பைத்தானுக்கென்று டம்ளரில் பசும்பால் கொண்டுவந்தார். பெயரைக் கேட்டதும் பால் குடிக்கும் என்று நினைத்துவிட்டார். எந்தப் பாம்புக்கும் பால் உணவல்ல. தாகத்தில் தவிக்கும் பாம்பு வேறு வழியில்லாமல் குடித்தாலும் அது செரிக்காது.)

இப்போது மனிதர்களைப் பற்றி. அந்தப் பெரியவரின் மகள் உங்களைத் திட்டியதில் எனக்கு அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. உங்கள் நோக்கம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பயத்தோடு வாழும் ஒருவரிடம் கேட்காமலேயே அந்தப் பயத்தை அவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் அது குறையாது, இறுகத்தான் செய்யும். பயம் தெளிய இரண்டு வேண்டும்: தூரத்தைத் தானே முடிவு செய்யும் உரிமை, எப்போது வேண்டுமானாலும் விலகிப்போகும் வசதி. நடைபாதையில் எதிரே வருபவருக்கு இரண்டுமே கிடையாது.

எங்கள் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருவர், பாம்பு வரும் நாட்களில் பின்வாசல் வழியாகத்தான் வந்துபோவார். சிறு வயதில் அவருடைய தங்கையைக் கடலைக் காட்டில் கண்ணாடி விரியன் தீண்டியிருக்கிறது. மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போன இடத்திலேயே உயிர் போய்விட்டது. நான் அவரிடம் பாம்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. ஓராண்டு கழித்து ஒரு நாள் தானாக வந்து கதவோரம் நின்று பார்த்தார். இன்னும் சில மாதம் போனது. மேசைமேல் ஒரு பைத்தான் உரித்துப்போட்ட சட்டை கிடந்தது. விரல் நுனியால் அதைத் தொட்டு, "காகிதம் மாதிரி இருக்கிறதே, ஐயா" என்றார். உயிருள்ள பாம்பை அவர் இன்றுவரை தொட்டதில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. முன்வாசல் வழியாக வருகிறார். எனக்கு அது போதும்.

உங்கள் முயற்சியில் எனக்குள்ள பெரிய தயக்கத்தை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். பாம்புப் பயம் வெறும் மூடநம்பிக்கை என்றே நீங்கள் கருதுவதாகக் கடிதத்தில் ஒரு தொனி இருக்கிறது. நம் நாட்டில் அப்படிச் சொல்லிவிட முடியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் 15 வயது நிரம்பாத பிள்ளைகள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகச் சேர்த்ததும் இதன் கனம் தெரிந்துதான். சோளக்காட்டில் இரவு தண்ணீர் பாய்ச்சுகிறவரின் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது.

இதில் மின்னி எங்கே வருகிறாள்? அவளுடைய உடம்பை ஒரு குழந்தையின் கண்ணால் பாருங்கள். கரும்பழுப்பு நிறம், அதில் பொன்பழுப்புத் திட்டுகள், தடித்த உடல், குட்டை வால், கழுத்திலிருந்து பிரிந்து தெரியும் தலை. ஞாயிற்றுக்கிழமை அதைத் தடவிப் பார்த்து, "கடிக்காது, கண்ணா" என்று உங்கள் வாயால் கேட்ட குழந்தை, பொங்கல் விடுமுறைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தாத்தா தோட்டத்துக்குப் போகிறது. வரப்போரம் பழுப்பு நிறத்தில், சங்கிலிக் கோத்ததுபோல் திட்டுகளோடு, தடித்த ஒன்று அசையாமல் கிடக்கிறது. அது கண்ணாடி விரியன். விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்துக் கடிபட்ட பெரியவர்களே இருக்கிறார்கள். பாம்பு பிடிக்கப் போகிறவர்களில்கூட உண்டு. 'பாம்பைத் தொடலாம்' என்று கை கற்றுக்கொண்ட பாடம், எந்தப் பாம்பு என்று பார்த்து நிற்பதில்லை. ஆப்பிரிக்கப் பாம்பை வைத்து அச்சம் தெளிவித்து, நம் ஊர் வயலுக்குள் அனுப்புகிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நடைபாதை உலாவை நிறுத்திவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மின்னிக்கும் அங்கே ஆபத்துகள் உண்டு. தெருநாய் எகிறினால், பருந்து தாழப் பறந்தால், தொட்டுக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு உதறினால் நான்கடி உயரத்திலிருந்து கல் தரையில் விழுவாள். பாம்புக்கு உடல் முழுக்க முதுகெலும்பும் விலாவும்தான். முறிந்தால் கட்டுப்போடவும் வழியில்லை. நழுவிப் புதருக்குள் போய்விட்டால் அவளைக் கண்டெடுப்பவர் கையில் கம்புதான் இருக்கும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்ற வாசகர்களுக்கும் உதவும். மலைப்பாம்பு, நல்ல பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. சிறைத் தண்டனையும் உண்டு. பால் பைத்தான் அயல்நாட்டு இனம், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும், 2024-இல் வந்த பதிவு விதிகளும், இத்தகைய உயிரினங்களை வைத்திருப்பவர் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பரிவேஷ் தளம் வழியே பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. நீங்கள் செய்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சான்று, வைத்திருப்பதற்கானது. கூட்டத்தில் உங்களைப் பார்ப்பவருக்கும் ரோந்து வரும் காவலருக்கும் அது ஆப்பிரிக்கப் பாம்பா, நம் மலைப்பாம்பா என்று தெரியாது. வனத்துறைக்குத் தொலைபேசி போகும். விசாரணை முடியும்வரை மின்னி எங்கே எந்தக் குளிரில் கிடப்பாள் என்பதை யோசியுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்சிக்கு வைத்தால் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி வேறு பதிவும் வேண்டியிருக்கும்.

அப்படியானால் யாருக்கும் அறிமுகம் செய்யவே கூடாதா? செய்யலாம், உங்கள் வீட்டுக்குள். பார்க்க விரும்புகிறவர் தானாகக் கேட்டு வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் அல்லது இருவர் போதும். மின்னி இரை எடுத்து மூன்று நாளாவது ஆகியிருக்கட்டும். மாலை விளக்கு வைத்த பிறகு வரச் சொல்லுங்கள், அதுதான் அவள் விழித்துக்கொள்ளும் நேரம். மின்விசிறியை நிறுத்துங்கள், கதவைச் சாத்துங்கள். விருந்தினர் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரட்டும். கோழி வறுத்த கையோ எலி எடுத்த கையோ நெருங்கினால் பாம்புக்கு அது இரையின் வாடை; கடி விழுவது பெரும்பாலும் அப்படித்தான். எல்லாரும் தரையில் உட்காருங்கள். நீங்கள் முன்னால் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அவளுடைய எடையைத் தாங்கிக்கொள்ளுங்கள். தலை உங்கள் பக்கம் இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் யாரும் தொடாமல் பார்க்கட்டும். அதற்குள் நாக்கு நிதானமாக வெளியே வந்து போனால், உடல் தளர்ந்தால், விருந்தினர் விரல்களின் பின்புறத்தால் நடு உடம்பை, செதில் படிந்திருக்கும் திசையில், தலையிலிருந்து வாலை நோக்கி ஒருமுறை தடவலாம். எதிர்த்திசையில் தடவக் கூடாது. தலையைத் தொடக் கூடாது. தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டு வரவும் கூடாது, கழுகு அப்படித்தான் வரும். கழுத்து இறுகினால், தலை ஒளிய இடம் தேடினால் அன்றைக்கு அவ்வளவுதான். "இப்போது அவளுக்கு விருப்பமில்லை" என்று சொல்லிக் கூண்டில் விட்டுவிடுங்கள். வந்தவர் அந்த ஒரு வாக்கியத்தோடு வீட்டுக்குப் போனாலும் நல்லதுதான். தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். உறுதியாக மறுத்துவிடுங்கள்.

போகும்போது மறுபடி சோப்பும் தண்ணீரும். எந்த நோய்க்குறியும் இல்லாத பாம்பின் குடலிலும் தோலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தருவது, சிலருக்கு ரத்தம்வரை பரவுவது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் பாம்பைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்க 1975-லேயே தடை போட்டார்கள்; குழந்தைகள் அவற்றை வாயில் வைத்துக் கிருமி வாங்கியதுதான் காரணம். நடைபாதையில் உங்கள் பாம்பைத் தொட்ட குழந்தை அடுத்த நிமிடம் வாங்கித் தின்ற சுண்டலை நினைத்துப் பாருங்கள். அங்கே குழாயும் இல்லை, சோப்பும் இல்லை.

பள்ளி அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். மின்னியை அழைத்துப் போகாதீர்கள், அவளுடைய சட்டையைக் கொண்டுபோங்கள். ஈரப்பதம் சரியாக இருந்தால் பைத்தான் ஒரே துண்டாக, காலுறையைக் கழற்றுவதுபோல் உட்புறம் வெளியே தெரியத் திருப்பி உரித்துப் போடும். மெதுவாகக் கழுவி, நிழலில் உலர்த்தி, தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டிவிடுங்கள். நாற்பது பிள்ளைகள் கைமாற்றிப் பார்த்தாலும் யாருக்கும் கேடில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் தலைப்பகுதியில் கண் இருந்த இடத்தில் ஒரு சிறு கண்ணாடி வில்லை தெரியும். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருக்கும் அந்த ஒளி ஊடுருவும் செதிலையும் சேர்த்தே உரிக்கிறது. உதட்டோரம் வெப்பக் குழிகளின் அச்சு இருக்கும். முதுகில் பொடிச் செதில்கள், வயிற்றில் குறுக்கே ஒற்றைப் பட்டைகள். இந்தப் பட்டைகளால்தான் கால் இல்லாமல் நகர்கிறது. ஒரு பிள்ளையிடம் சட்டையை அளக்கச் சொல்லுங்கள். பாம்பைவிட நீளமாக இருக்கும், உரியும்போது இழுபடுவதால். ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

பிறகு நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் படங்களையும் காட்டுங்கள். அடையாளம் கண்டுபிடிக்கும் விளையாட்டாக அதை மாற்ற வேண்டாம். எந்தப் பாம்பாக இருந்தாலும் நின்ற இடத்திலிருந்து பின்வாங்கிப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்கக் கூடாது, கட்டு விரியன் படுக்கைக்கே வருவதால் வெறுந்தரையில் கொசுவலை இல்லாமல் படுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். கடித்தால் கயிறு கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். நச்சுமுறி மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கும். அந்த மருந்துக்கான நஞ்சைச் சேகரித்துத் தருபவர்கள் யார் தெரியுமா என்று கேளுங்கள். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிச் சொல்லும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். உயிருள்ள பாம்பைக் காண வேண்டுமென்றால் அந்த மையத்துக்கோ கிண்டி பாம்புப் பண்ணைக்கோ சுற்றுலா போகட்டும்.

குடியிருப்புச் சங்கத்தோடு சண்டை வேண்டாம். செயலாளரை வீட்டுக்கு அழைத்து, கூண்டின் பூட்டையும் பதிவுச் சான்றையும் காட்டுங்கள். இனி மின்னி வெளியே போனால் அது மருத்துவரிடம் மட்டும்தான், அதுவும் துணிப்பையில் இட்டுக் காற்றோட்டமுள்ள மூடிய பெட்டிக்குள்தான் என்று எழுதிக் கொடுங்கள். மின்தூக்கியில் பாம்போடு யாரும் ஏறப்போவதில்லை என்பது தெரிந்தாலே புகாரில் பாதி அடங்கிவிடும். முடிந்தால் அந்தப் பெரியவரையும் தேடிப் பிடித்து ஒரு சொல் மன்னிப்புக் கேளுங்கள், தோளில் எதுவும் இல்லாமல்.

இவளைப் போன்ற பாம்பு இருபது, முப்பது ஆண்டு உங்களோடு வாழக்கூடியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில், 60 வயதைத் தாண்டியதாகக் கருதப்பட்ட ஒரு பால் பைத்தான் 2020-இல் முட்டையே இட்டது. அவசரம் ஒன்றுமில்லை. இப்போதைக்கு எடையைக் குறித்து வையுங்கள். கூண்டின் இரண்டு முனைகளிலும் உடம்பை நெருக்கிக்கொள்ளும் அளவுக்கு ஒளிவிடம் ஒவ்வொன்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வாரம் கழித்து முதல் எலியை எடுத்தாளா என்பதை எனக்கு எழுதுங்கள். எடுக்காவிட்டால், எடை என்ன, வெப்பம் என்ன, கடைசியாக எச்சம் போட்டது எப்போது என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.